எடை குறைத்து

ஒட்வார் ரிம்ஸ்தாத்,
உங்கள் பாவையின் விளிம்பில்
சாம்பல் தூவியதுபோல் ஏதோ படிந்திருக்கிறது என்றேன்.
"பனியா?" என்று கேட்டீர்கள்.
ஓலசுந்தில் எந்தப் பேச்சும் பனியில்தான் தொடங்கும்.

பனி என்றால் உருகும்.
இது உதிர்ந்துகொண்டே இருக்கிற பொடி.
இந்தக் கரையோரத்தில் எழுபதைத் தாண்டிய
எத்தனையோ கண்களில் பார்த்துவிட்டேன்,
ஏன் உதிர்கிறது என்று எங்களுக்கே முழுதாய்த் தெரியாது.
கண்நீர் வடியும் வாய்க்காலை அடைக்கும், அழுத்தம் ஏறும்,
வில்லையைச் சுற்றிலும் இழுத்துப் பிடித்திருக்கும் நூல்களைச்
சத்தமில்லாமல் அரிக்கும்.

நூல் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள்.
முப்பத்தோரு வருடம்
தொங்குபாலக் கம்பிகளைச் சுத்தியலால் தட்டிக்
காது வைத்துக் கேட்டவர்.
"மொத்தம் எத்தனை? அறுந்தது எத்தனை?
மிச்சம் எவ்வளவு தாங்கும்?"
உள்ளே போகாமல் சொல்ல முடியாது என்றேன்.
"நானாயிருந்தால் பாலத்தை மூடியிருப்பேன்."

இடப்பக்கம் பாருங்கள். இப்போது வலப்பக்கம்.
கண் நின்றது, வில்லை நிற்கவில்லை,
லாரி கடந்த பின்னும் அசைகிற பாலம்போல.
(இந்த உவமை உங்களுடையது.
அறிக்கையில் நான் எழுதவில்லை.)

புரை முற்றிப் பழுப்பேறிக் கிடந்தது.
நான்கு வருடம் ஏன் தள்ளிப்போட்டீர்கள் என்றதற்கு
முதலில் காட் மீன் பருவம் என்றீர்கள்,
பிறகு மகள் வீடு மாறினாள் என்றீர்கள்,
பிறகு ஜன்னலைப் பார்த்தீர்கள்,
அதில் எதுவும் உங்களுக்குத் தெரிந்திருக்காது.

படிவத்தில், உட்கொள்ளும் மாத்திரைகள் என்ற இடத்தில்
ரத்த அழுத்தத்துக்கு ஒன்று.
அவ்வளவுதான்.

செவ்வாய், பத்தேகால்.
துணிக்கடியில் உங்கள் மூச்சு,
நுண்ணோக்கிக்குள் ஒரு குளம் அளவுக்கு உங்கள் கண்.
சொட்டுமருந்து மூன்று முறை விட்டும்
பாவை மிளகளவுக்கு மேல் விரியவில்லை.
நீர் பாய்ந்ததும் கருவிழித்திரை
நனைந்த துணிபோல் படபடத்து
என் கருவியின் வாய்க்குள் வரப் பார்த்தது.

"ஒட்வார், சிறுநீர் சரியாகப் போக
மாத்திரை ஏதும் போடுகிறீர்களா?"

அறையில் பெண்கள் மூவர்.
துணிக்கடியில் நெடு மௌனம்.
"அது கீழ்ப்பக்கத்துச் சமாச்சாரம்.
இதற்கும் அதற்கும் என்ன?"

செவிலி ஓஸ்லௌக் நான் கேட்காமலே
கொக்கிப் பொட்டலத்தைக் கிழித்திருந்தாள்.
நான்கு கொக்கிகள். வட்டப் பாவை சதுரமானது.
ஏழு மணி முள்ளிலிருந்து ஒன்பது வரை
நூலே இல்லை.
வெறும் இடம், அதற்குப் பின்னால் கண்ணின் ஆழம்,
விழுந்தால் நான் கைவிட்டு எடுக்க முடியாத ஆழம்.

கை நடுங்கவில்லை. இருபது வருடப் பழக்கம்.
பெடலில் இருந்த வலது கால் நடுங்கியது.

பைக்குள் ஒரு வளையத்தை நழுவவிட்டேன்,
உள்ள நூல்கள் இல்லாத நூல்களின் பாரத்தையும் சுமக்கட்டும் என்று.
பழுப்பைத் துளித்துளியாய் உறிஞ்சினேன்.
எதுவும் விழவில்லை.
பன்னிரண்டு நிமிட வேலைக்கு ஐம்பது நிமிடம் ஆனது,
வெளியே அடுத்தவரின் மனைவி
மணியைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பாள்.

மறுநாள் கட்டைப் பிரித்தேன்.
அழுத்தம் முப்பத்தொன்று, அதற்குச் சொட்டு எழுதினேன்.
நீங்கள் என் முகத்தையே பார்த்தீர்கள்.
"குரலை வைத்து
இன்னும் சின்னப் பெண் என்று நினைத்திருந்தேன்."

சிரித்துவிட்டுச் சொல்லவேண்டியதைச் சொன்னேன்:
புது வில்லையும் அதே நூல்களில்தான் தொங்குகிறது.
பொடி நிற்காது.
எட்டு வருடத்திலோ பத்திலோ
பையோடு சேர்ந்து இறங்கலாம், இறங்காமலும் போகலாம்.

கோபப்படுவீர்கள் என்று நினைத்தேன்.
சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தீர்கள்,
நான் கொடுத்த தாளின் ஓரத்தில்,
நான்கு வருடத்துக்குப் பின் கண்ணுக்குத் தெரிந்த கோட்டில்,
எழுத்துக்கூட்டாமல் எழுதினீர்கள்:

கம்பிகள் பார்க்கப்பட்டன.
தெற்குப் பக்கம் பழுது.
போக்குவரத்து அனுமதி, எடை குறைத்து.
அடுத்த ஆய்வு

தேதியை நிரப்பச் சொல்லிப்
பென்சிலை என்னிடம் நீட்டினீர்கள்.